அப்பாவின் உடலை உறையவைப்பது பற்றி

பின்னாளில் உயிர்ப்பித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், இறந்ததும் தன் உடலை உறையவைக்கச் சொல்கிறார் அப்பா, வீட்டை அடமானம் வைத்தாவது செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

அப்படி உறையவைத்தவர்களில் ஒருவர்கூட இதுவரை எழுந்து வரவில்லை. 1967 ஜனவரியில் உறையவைக்கப்பட்ட அமெரிக்கர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு இன்னமும் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில்தான் இருக்கிறார். உடலில் உள்ள நீர் பனிக்கட்டியானால் செல்கள் சிதைந்துபோகும். அதனால் ரத்தத்தை எடுத்துவிட்டு வேறொரு திரவத்தை ஏற்றி, உடலைக் கண்ணாடி போல இறுக வைக்கிறார்கள். அந்தத் திரவமே செல்களுக்கு நஞ்சு. திரும்பச் சூடாக்கும்போது விரிசல் வேறு விழும். 2023-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், 100 நாள் வரை இப்படி வைத்திருந்த எலிச் சிறுநீரகத்தை இன்னொரு எலிக்குப் பொருத்தி இயங்க வைத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அது ஒரு சின்ன உறுப்பு, மூளை இல்லை.

அப்புறம், உடலைப் பராமரிக்கும் பணம் நின்றால் குளிரும் நின்றுவிடும். கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் எழுபதுகளில் சில உடல்கள் அப்படித்தான் உருகிப்போயின.

வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். அப்பா தன் சேமிப்பிலிருந்து தெளிவான மனதோடு செய்தால் தடுக்காதீர்கள். மரணம் உறுதியானதும் உறையவைக்கும் நிறுவனத்தார் குளிரூட்டும் வேலையை உடனே தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் உட்கார இடம் விடுவார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.