மூளை ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் வந்தால்?

சென்னை காசிமேட்டில் இருக்கிறோம், அப்பாவுக்கு மூளைக் கட்டி ஆபரேஷன் ஆகிப் பத்து நாளில் காய்ச்சல், தலைவலி, பாராசிட்டமால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, இப்போதே காட்டுங்கள்.

ஆபரேஷனில் மூளையின் உறையைத் திறந்து தைக்கிறார்கள். அதன் வழியே மூளை நீர் கசிந்தால், தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா உள்ளே போய் மூளைக்காய்ச்சல் வரலாம். தலையணை உறை காலையில் நனைந்திருக்கிறதா, குனிந்தால் மூக்கில் தெளிந்த நீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சளி என்று விட்டுவிடாதீர்கள். கழுத்து விறைப்பு இல்லாமலும் மூளைக்காய்ச்சல் வரும்.

முதுகில் ஊசி போட்டு அந்த மூளை நீரை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். அதனால் கால் விளங்காமல் போகும் என்பதெல்லாம் சும்மா பேச்சு. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தால், கல்ச்சரில், அதாவது அந்த நீரில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி சிக்காமல் போகலாம்.

ஆபரேஷன் செய்த இடம் தூரமென்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு உங்களுக்குப் பக்கம். டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காதீர்கள். பேச்சு குழறினாலோ, எழுப்பியும் தூங்கி வழிந்தாலோ உடனே 108.