பெரு நாட்டிலிருந்து வரும் அல்பாக்கா (ஒட்டகக் குடும்பத்து விலங்கு) கம்பளிச் சால்வைகளில் உள்ள வடிவங்கள் நிஜமாகவே பழங்காலத்தவையா?

பல வடிவங்களுக்குப் பழைய வேர் உண்டு. பெருவின் தென்கரையில், பராகாஸ் பாலைவனத்தில், 1927-இல் தொல்லியலாளர் ஹூலியோ டெயோவின் குழு தோண்டியபோது துணி சுற்றிய மம்மிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. சுமார் 2000 ஆண்டுப் பழசு. மழையே காணாத மண், அதனால் சாயம்கூடப் பெரிதாக மங்கவில்லை. பறப்பதுபோன்ற மனித உருவங்களைக் துணிமேல் கம்பளி நூலால் பூத்தையல் போட்டிருக்கிறார்கள். ஒரே உருவம் கட்டத்துக்குக் கட்டம் நிறம் மாறி வரும். என்ன அழகு!

அந்த நாட்டுச் சிவப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து அரைத்தால் அடர்சிவப்பு. எலுமிச்சைச் சாறு விட்டால் ஆரஞ்சுப் பக்கம் போகும். குஸ்கோ நகருக்கு அருகே சின்செரோ ஊர் நெசவுப் பெண்கள் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கியே காட்டுவார்கள்.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? ஓரத்தை. இடுப்பில் கட்டி நெய்யும் பாரம்பரியத் தறியில் நான்கு ஓரமும் வெட்டாமலே முடியும். கடைகளில் கிடைக்கும் மெல்லிய சால்வைகள் பெரும்பாலும் ஆலை நெசவு. அவையும் கதகதப்பானவைதான், ஆனால் அவற்றில் வடிவம் மட்டுமே பழசு.