கிட்டாருக்கு ரேக் எஃபெக்ட்ஸ் வாங்குவதா, டிஜிட்டல் மாடலர் வாங்குவதா?

கானமேளாக் குழுவில் (மேடை மெல்லிசைக் குழுவில்) வாசிப்பதாகக் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள். அதனால் தயங்காமல் மாடலர் என்பேன். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காட்டுப் பக்கம் பூரம், வேலா என்று கோயில் திருவிழாக்களில் மேடை ஏறுகிறவன். என்னிடம் ரேக்கும், அதாவது சட்டத்தில் பூட்டி வைக்கும் எஃபெக்ட் பெட்டியும், இருக்கிறது. அது வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.

ரேக் என்றால் அனலாக், மாடலர் என்றால் டிஜிட்டல் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். 1980களில் பெயர் வாங்கிய ரேக் யூனிட்களான யமஹா எஸ்பிஎக்ஸ்90, லெக்சிகன் பிசிஎம்70, டிசி எலக்ட்ரானிக் 2290 எல்லாமே டிஜிட்டல்தான். ரேக் யூனிட் டிலே (எதிரொலி), ரிவெர்ப் (கூடத்தின் முழக்கம்), கோரஸ் (பல கிட்டார் சேர்ந்தது போன்ற ஒலி) வேலையை மட்டும் பார்க்கும். ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) தனியாக வேண்டும். மாடலரோ ஆம்ப், ஸ்பீக்கர், அதன் முன்னால் வைக்கும் மைக் வரை தானே பாவனை செய்து, ஒலியை நேராக மிக்சருக்கு அனுப்பிவிடும். 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் (POD) என்ற கருவி பரவலாக்கிய வழி இது. (2006இல் வந்த ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் மாடலர்தான், ஆனால் ரேக்கில் பூட்டும் பெட்டி. எனவே பெட்டியின் வடிவத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது.)

ரேக்கின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. லைன் மிக்சர் (ஒலிகளைக் கலக்கும் சிறு பெட்டி) வைத்து இணையாகக் கோத்தால், ஆம்பின் நேரடி ஒலி டிஜிட்டலுக்குள் நுழையாமல் அப்படியே போகும். யூனிட்டிலிருந்து எஃபெக்ட் மட்டும் வந்து அதில் கலக்கும். யூனிட்டில் எஃபெக்ட் அளவை 100 சதவீதமாக வைக்க வேண்டும். நேரடி ஒலியும் அதற்குள் புகுந்து ஓரிரு மில்லிசெகண்ட் பிந்தி வந்தால், இரண்டும் மோதி, தகர டப்பாவுக்குள் வாசிப்பது போலக் கேட்கும். சரியாகக் கோத்து ஒரு நல்ல வால்வ் ஆம்பில் கேட்டவர்கள் ரேக்கை விடமாட்டார்கள்.

ஆனால் நம் மேடைகளில் இதற்கெல்லாம் இடமேது? செண்டை மேளம் ஓய்ந்த கையோடு மேடை ஏறச் சொல்வார்கள். மைக்செட் சேட்டனிடம் ஒரே ஒரு கேபிளை நீட்டிவிட்டுச் சுருதி பார்க்கத்தான் நேரம் இருக்கும். ஆம்புக்கு மைக் வைத்து, அதைச் சோதிப்பதற்குள் முதல் பாட்டே முடிந்துவிடும்.

மாடலரிலும் ஒரு தொல்லை உண்டு. ஜெனரேட்டருக்கு மாறும் கணத்தில் மின்சாரம் துடித்தால் அது அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சில மாடல்களுக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். பாடகர் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பார். சிறிய யுபிஎஸ் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

வீட்டில் பதிவு செய்ய ரேக்கும் வேண்டுமென்றால் பழையதாக ஒன்று வாங்குங்கள். ஜப்பானிலிருந்து வந்ததென்றால் பெரும்பாலும் 100 வோல்ட். நம் 230இல் நேராகச் செருகினால் போயிற்று, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பணம் கொடுக்குமுன் ஓர் ஒலியைச் சேமித்து, அணைத்துவிட்டு மீண்டும் போடச் சொல்லுங்கள். சேமித்தது காணாமல் போயிருந்தால் உள்ளே மெமரி பாட்டரி தீர்ந்திருக்கும். பலவற்றில் அதைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். அந்தக் கூலியை விலையில் குறைத்துக் கேளுங்கள்.