கருவாட்டு வாசம், பானைத் தண்ணீர், பாம்பன் பாலம்: வெப்பம் பற்றி வந்த கேள்விகள்

மண்டபம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் துகள்களின் இயக்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். அதன் பிறகு கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் மீன், உப்பு, ஐஸ். நம் கடற்கரையில் வேறெதைக் கேட்பார்கள்?

வெயில் ஏறினால் காற்றின் மூலக்கூறுகள் வேகமாக ஓடும் என்றீர்கள். எவ்வளவு கூடும்?
(பிளஸ் ஒன் மாணவி, கீழக்கரை)

நீ நினைப்பதைவிடக் குறைவு, அம்மா. 27 டிகிரியில் நைட்ரஜன் மூலக்கூறு ஒன்று சராசரியாக நொடிக்கு 500 மீட்டர் அளவில் பாய்கிறது. 20 டிகிரி 40 ஆனால் வேகம் இரட்டிப்பாகாது. கெல்வினில், அதாவது டிகிரியோடு 273 கூட்டி, எண்ண வேண்டும்: 293, 313. வேகம் அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கூடுவது மூன்றரை சதவீதத்துக்கும் குறைவு. "இரு மடங்கு" என்று எழுதிய விடைத்தாள்களைத் திருத்தியே என் சிவப்புப் பேனாக்கள் தீர்ந்திருக்கின்றன.

மூணு சதவீதம்தான்னா, மார்கழிக்கும் சித்திரைக்கும் உப்புப் பாத்தியில இவ்வளவு வித்தியாசம் ஏன் சார்?
(உப்பளத் தொழிலாளி, வாலிநோக்கம்)

வந்ததிலேயே நல்ல கேள்வி இது. நானே வகுப்பில் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு மதில் சுவர். நூறு பையன்கள் தாண்டப் பார்க்கிறார்கள், இரண்டு பேரால்தான் முடிகிறது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பலம் கூடினால் சராசரிப் பையன் அப்போதும் தாண்டமாட்டான். ஆனால் விளிம்பில் தவித்துக்கொண்டிருந்தவர்கள் தாண்டிவிடுவார்கள். இரண்டு பேர் ஆறு பேராகலாம். நீர் ஆவியாவதும் அப்படித்தான். வெப்பநிலை என்பது சராசரிக் கணக்கு. தண்ணீரை விட்டு வெளியேறுவதோ மிக வேகமான சில மூலக்கூறுகள் மட்டும். மூலக்கூறுகள் எவ்வளவு மும்முரமாக வெளியேறும் என்பதற்கு அளவுகோல் ஆவி அழுத்தம். 20 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் சுமார் 17.5 மில்லிமீட்டர் பாதரசம், 40 டிகிரியில் சுமார் 55. மூன்று மடங்குக்கும் மேல்! கொதிக்காமலேயே பாத்தி வற்றுவதற்கும் இதுதான் காரணம்.

இன்னொன்றும் உண்டு. பாத்தி நீர் செறியச் செறிய, வற்றுவது மந்தமாகும். உப்பின் அயனிகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இனிமேல் கரையாது என்ற அளவுக்கு உப்பு ஏறிய நீர், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் வற்றாது, காற்றிலிருந்து ஈரத்தை வாங்கவே ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடுக்களை உப்பு ஜாடி கசிகிறதே, அதே கதை. கடல் உப்பில் மக்னீசியமும் ஒட்டியிருப்பதால் அது இன்னும் முன்னாலேயே கசியும்.

மதுரையில் அம்மா வீட்டுப் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். அதே பானையை ராமேஸ்வரம் கொண்டுவந்தேன், அந்தக் குளிர்ச்சி இல்லை. பானை கெட்டுவிட்டதா?
(இல்லத்தரசி)

பானைமேல் பழி போடாதீர்கள். வேகமான மூலக்கூறுகள் பானையின் துளைகள் வழியே வெளியேறினால், உள்ளே தங்குவது மெதுவானவை. சராசரி குறைகிறது, தண்ணீர் குளிர்கிறது. ஆனால் கடலோரக் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருக்கிறது. பத்து மூலக்கூறு வெளியே போனால் ஏழெட்டு திரும்பி வந்துவிடுகிறது. பானையைக் கொண்டல் காற்று படாத மூலையில் வைக்காமல், காற்று ஓடும் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள்.

ஐஸ் உருகித் தண்ணியாயிட்டா வீண்தானே? உருகாத ஐஸ்தானே மீனைக் காப்பாத்தும்?
(விசைப்படகு ஓட்டுநர், மண்டபம்)

தலைகீழ், அண்ணே. உருகும்போதுதான் ஐஸ் வேலை செய்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உருகி வந்த அதே ஒரு கிலோ தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கவும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். மீனிடமிருந்து பிடுங்கிய அந்த வெப்பம் மூலக்கூறுகளை வேகமாக்குவதில் போவதில்லை, கைகோத்து நிற்கும் அவற்றின் பிடியை விடுவிப்பதில் போகிறது. அதனால்தான் கடைசித் துண்டு உருகும் வரை பெட்டி பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கிறது. ஐஸைப் பொடித்துப் போடுங்கள், மீனை நாலு பக்கமும் தொடும். அழுக்குத் தண்ணீர் மட்டும் வடியட்டும்.

மூலக்கூறு நொடிக்கு 500 மீட்டர் ஓடுகிறது என்றால், பக்கத்துத் தெருவில் கருவாடு காய்ந்தால் உடனே மூக்கில் ஏறவேண்டுமே?
(வாசகர், பாம்பன்)

ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு முட்டலுக்கும் திசை மாறுகிறது. நொடிக்கு நூறு கோடிக் கணக்கில் முட்டல்கள். திருவிழாக் கூட்டத்தில் சன்னிதி பார்த்து ஓடுபவன் மாதிரி. காற்று துளிகூட அசையாத அறையில், பரவுதலால் மட்டும் ஒரு மீட்டர் கடக்கப் பல மணி நேரம் ஆகும். உங்கள் வீட்டுக்கு கருவாட்டு வாசத்துக்குக் காரணமான ட்ரைமெத்திலமினைச் சுமந்து வருவது கடல் காற்று. வெயில் செய்வது, கருவாட்டிலிருந்து அதைக் கூடுதலாகக் கிளப்பிவிடுவது.

புதுப் பாம்பன் பாலத்தின் இரும்பு வெயிலில் நீளும் என்கிறார்கள். துகள்கள் வீங்குகின்றனவா?
(ஆசிரியப் பயிற்சி மாணவர், பரமக்குடி)

துகள் வீங்காது. நின்ற இடத்திலேயே அதிரும் அணுக்கள், சூடு ஏறினால் அகலமாக அதிரும். நெருங்கும்போது தள்ளுவிசை சட்டென்று எகிறுகிறது, விலகும்போது இழுவிசை அவ்வளவு கடுமை காட்டுவதில்லை. ஆகவே சராசரி இடைவெளி கூடுகிறது. 20 டிகிரி ஏறினால் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி சுமார் 17 மில்லிமீட்டர் நீளும். இரண்டு கிலோமீட்டர் பாலமும் ஒரே துண்டாக இருந்திருந்தால் அரை மீட்டர்! துண்டுகளாகக் கட்டி இடைவெளி விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தனுஷ்கோடி போய்ச் சேர்ந்ததும் பைக் டயரில் காற்று கூடுதலாகக் காட்டுகிறது. இறக்கிவிடவா?

வேண்டாம். 25 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. இருந்தது, டயர் 55 டிகிரிக்குச் சூடானால் 34-ஐத் தாண்டும். காலையில் குளிர்ந்த டயரில் பாருங்கள்.

எல்லாத் துகளும் அசையாமல் நிற்கிற குளிர் இருக்கிறதா?
(எட்டாம் வகுப்பு, தொண்டி)

மைனஸ் 273.15 டிகிரி. அதை நெருங்கலாம், தொட முடியாது, தம்பி. அங்கேயும் ஒரு சின்னத் துடிப்பு மிச்சம் இருக்கும் என்கிறது குவாண்டம் இயற்பியல். அந்தத் துடிப்பால்தான் ஹீலியம், சாதாரணக் காற்றழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் கட்டியாவதே இல்லை.