பட்டறைப் பதில்கள்: மூன்று லிட்டர் ஆயிலில் இருக்கிறது ஆயுள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே எஞ்சினைப் பற்றியவை. ஃபியட் உருவாக்கிய 1.3 மல்டிஜெட் டர்போ டீசல். புதுச்சேரியிலும் கடலூரிலும் இன்னும் எத்தனை வீட்டு வாசலில் அது நிற்கிறது என்பது என் பட்டறைக்கு வரும் வண்டிகளைப் பார்த்தாலே தெரியும். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

ஐயா, 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல் ஒன்று விலைக்கு வருகிறது. 1 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. "டீசல் எஞ்சின் மூன்று லட்சம் ஓடும், பயப்படாதே" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

தம்பி, மூன்று லட்சம் ஓடிய மல்டிஜெட்டை நான் பார்த்திருக்கிறேன். 90 ஆயிரத்தில் பிரித்துப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே எஞ்சின்தான். ஆயில் மாற்றியவருக்கும் மாற்றாதவருக்கும் உள்ள வித்தியாசம் அது.

முதலில் எஞ்சினைத் தெரிந்துகொள்ளுங்கள். 1248 சிசி, நாலு சிலிண்டர். ஸ்விஃப்டில் இருப்பது 75 குதிரைத்திறன், 2000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 2000 சுற்றில், 190 நியூட்டன் மீட்டர் இழுவை. நான் தொழில் பழகிய காலத்தில் ஜென், எஸ்டீம் வண்டிகளில் பிரெஞ்சுக்காரர்களின் பெஜோ டீசல் எஞ்சின் வந்தது. 1527 சிசி, டர்போ கிடையாது, குதிரைத்திறன் அறுபதைத் தொடாது. அதைவிடச் சின்ன எஞ்சினில் இவ்வளவு சக்தி வந்ததற்குக் காரணம் டர்போவும் காமன் ரெயிலும். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுவது டர்போ. எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசலை அடிப்பது காமன் ரெயில். ஒரு சுற்றுக்கு ஒரே தடவையாக டீசலை ஊற்றாமல், சில நேரம் ஐந்து தடவை வரை துளித்துளியாகப் பிரித்து அடிக்கும். மல்டிஜெட் என்ற பெயரே அதனால்தான். சத்தமும் அதனால்தான் குறைந்தது. 2005இல் உலக அளவில் ஆண்டின் சிறந்த எஞ்சின் விருது, 1 முதல் 1.4 லிட்டர் பிரிவில், இதற்குக் கிடைத்தது. மாருதி, டாடா, ஃபியட், செவர்லே என்று எல்லோரும் இதைத் தங்கள் வண்டிகளில் போட்டார்கள். எனக்கு இதன் மேல் மரியாதை உண்டு, மறைக்கவில்லை.

ஆனால் இதன் உயிர் ஆயிலில் இருக்கிறது. மொத்தமே மூன்று லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். அந்தக் கொஞ்ச ஆயில்தான் டர்போவையும் காக்க வேண்டும், வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தவறாமல் ஓடவைக்கும் டைமிங் செயினையும் காக்க வேண்டும். பெல்ட் இல்லை, செயின் என்றதும் ஆயுளுக்கும் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. ஆயில் குறைந்தாலும் கரி பிடித்துக் கெட்டியானாலும் டென்ஷனர் தளரும், செயின் நீளும். ஒரு நாள் பல் தாண்டிவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதும். அப்புறம் செலவுக் கணக்கை நான் சொல்ல வேண்டாம்.

சரி, வண்டியை எப்படிப் பார்ப்பது? காலையில் போங்கள், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஜில்லென்று இருக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கம் சங்கிலி உரசுகிற மாதிரி 'கரகர' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஒரு வினாடியில் அடங்கினால் சரி. மூன்று நாலு வினாடி நீடித்தால் செயின் செலவு காத்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வரலாம். குபுகுபு என்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. டர்போ ஹோஸில் மெல்லிய எண்ணெய்ப் பசை இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். சொட்டினால் விட்டுவிடுங்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக அழுத்துங்கள். 2000 பக்கத்தில் முதுகை சீட்டோடு தள்ளுகிற மாதிரி ஒரு இழுவை வர வேண்டும். வராமல் கண்ணாடியில் கறுப்புப் புகை தெரிந்தால் ஹோஸில் ஓட்டையோ, புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரியோ, டர்போவே போயிருக்கிறதோ, ஏதோ ஒன்று. ஹோஸ் என்றால் சின்னச் செலவு, டர்போ என்றால் பெரிய செலவு. தெரியாமல் விலை பேசாதீர்கள்.

ஒன்று நம் ஊருக்கே உரியது. வண்டி எந்தத் தெருவில் நின்றது என்று கேளுங்கள். தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம், வீராம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டி நின்ற வண்டி என்றால் மிதியடிக்குக் கீழேயும் ஸ்டெப்னி குழியிலும் துருவைத் தேடுங்கள். உப்புக்காற்றில் வயர் கனெக்டர்கள் பச்சை பூத்துவிடும். சென்சார் கோளாறு என்று வருகிற வண்டிகளில் பலவற்றில் நான் சென்சாரை மாற்றியதே இல்லை, கனெக்டரைத் துடைத்தே அனுப்பியிருக்கிறேன்.

கடைசியாக, ஓடிய கிலோமீட்டரைக் கேட்காதீர்கள், ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். மீட்டரைத் திருப்பிவிடலாம். பத்தாயிரத்துக்கு ஒரு பில் வீதம் வரிசையாக இருந்தால் வாங்குங்கள். வாங்கிய பிறகு நீங்கள் ஏழாயிரம், எட்டாயிரத்திலேயே மாற்றுங்கள்.

நெல்லிக்குப்பம் ரோட்டில் கரும்பு டிராக்டரை முந்தும்போது வண்டி இழுக்காமல் சில வினாடி பயமுறுத்துகிறது. எஞ்சின் கோளாறா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

கோளாறு இல்லை, கியர் தப்பு. 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே இந்த டர்போவைச் சுழற்றப் போதுமான புகை வேகம் கிடையாது. அதுவரை உங்களிடம் இருப்பது வெறும் 1248 சிசி டீசல் எஞ்சின், அவ்வளவுதான். நாலாவது கியரில் 1400இல் ஊர்ந்துகொண்டு முந்த நினைக்காதீர்கள். வலப்பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே மூன்றாவதுக்கு இறக்கி, முள் 2000க்கு மேல் இருக்கும்போது வெளியே வாருங்கள். எர்டிகா, சியாஸில் வந்த 90 குதிரைத்திறன் வகையில் டர்போவின் இறக்கைகள் கோணம் மாறும், 1750லேயே 200 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். அதனால் அந்த வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் குறைவாகத் தெரியும். கரும்பு டிரெய்லருக்கு இரவில் பின்விளக்கு பெரும்பாலும் இருக்காது. தயவுசெய்து சந்தேகமிருந்தால் பின்னாலேயே போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் இரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுத்தான் நிறுத்துகிறார். டீசல் வீண்தானே?
– ஆசிரியை, நெல்லித்தோப்பு

அம்மா, அவர் எதற்குச் செய்கிறார் என்பது சரி, எப்போது செய்கிறார் என்பதுதான் கேள்வி. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுற்றும். அது ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றுகிறது. ஒரு பக்கம் கொதிக்கும் புகை. வேகமாக ஓட்டி வந்து சட்டென்று சாவியைத் திருப்பினால் ஆயில் வரத்து நிற்கும், தங்கிய ஆயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகும். ஆனால் நெல்லித்தோப்பு சிக்னல் தாண்டித் தெருக்களில் மெல்ல வரும்போதே டர்போ ஆறிவிடுகிறது. ஈசிஆரில் சென்னையிலிருந்து விரட்டி வந்து வழியில் டீ குடிக்க நிறுத்தினால் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். வீட்டு வாசலில் தேவையில்லை. அதைவிட முக்கியம், காலையில் ஸ்டார்ட் செய்த உடனே உறுமவிடாமல் இருப்பது.

புதுச்சேரியில் டீசல் விலை குறைவு. தரமும் குறைவா?
– வாசகர், ரெட்டிச்சாவடி

இல்லை. குறைவாக இருப்பது வரி. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கப் பத்து பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கந்தகம் கொண்ட பிஎஸ் 6 டீசல்தான், இங்கேயும் அதுதான். தாராளமாகப் போடுங்கள். டீசல் ஃபில்டரை மட்டும் காலத்தோடு மாற்றுங்கள்.

பத்து வருட டீசல் காரை ஓட்டக் கூடாது என்கிறார்களே?
– வாசகர், வில்லியனூர்

அந்தக் கட்டுப்பாடு டெல்லியையும் அதைச் சுற்றிய தலைநகர்ப் பகுதியையும் பற்றியது. நமக்கு 15 வருடம் வரை ஆர்சி செல்லும், அதன் பிறகு பரிசோதனை செய்து புதுப்பிக்க வேண்டும்.

ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் டிசையர் தண்ணீரில் நின்றது. வடிந்ததும் மகன் செல்ஃப் அடித்தான், 'டக்'கென்று நின்றுவிட்டது. எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்தோம். மீண்டும் மழைக்காலம் வருகிறது. என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், ரெயின்போ நகர், புதுச்சேரி

உங்கள் மகனைத் திட்டாதீர்கள். அதே தப்பை நானும் செய்திருக்கிறேன். 2015 வெள்ளத்தில் வந்த ஒரு வண்டி. வண்டிக்காரர் அவசரப்படுத்தினார், ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்காமல் நானே செல்ஃப் அடித்தேன். அதே 'டக்'. பிஸ்டனைத் தாங்கும் கம்பியான கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. செலவு முழுவதையும் நானே ஏற்றேன். அன்றிலிருந்து என் பட்டறையில் நனைந்த வண்டி எது வந்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுவோம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சிலிண்டர் 312 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் ஏறக்குறைய 19 மில்லி. இருமல் மருந்து மூடியில் இரண்டு மூடி. காற்று அதற்குள் சுருங்கும். ஃபில்டர் வழியாக உள்ளே போன தண்ணீர் சுருங்காது, பிஸ்டன் அதில் மோதி நின்றுவிடும். பெட்ரோல் எஞ்சினில் இந்த இடம் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருக்கும், டீசலில் கிடையாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இரண்டு நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கம் புகுந்தது. உங்கள் தெருவில் முன்கூட்டித் தப்பிக்க ஒரே வழி, எச்சரிக்கை வந்த அன்றே வண்டியை மேட்டில் கொண்டுபோய் விடுவது. முடியாமல் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் வந்துவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி முனையைக் கழற்றுங்கள். வடிந்ததும் ஃபில்டர் பெட்டி ஈரமா என்று பாருங்கள், ஆயில் கேஜை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து கெட்ட எஞ்சினுக்குச் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது. அக்டோபருக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.