மூன்று முறை படித்தும் 2.08

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பட்டப்படிப்பு முதலாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் சுங்கை சிப்புட். செந்தூலில் மூன்று தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வேலை. இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் ஏழு ஏ வாங்கினேன். பட்டப்படிப்புக்கு முந்திய பவுண்டேஷன் படிப்பையும் எப்படியோ தாண்டிவிட்டேன். ஆனால் பட்டப்படிப்பின் முதல் செமஸ்டரில் எனக்குக் கிடைத்த சராசரிப் புள்ளி 4.00-க்கு 2.08தான். இத்தனைக்கும் தினமும் இரவு பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை படித்தேன். ஒவ்வொரு ஸ்லைடையும் மூன்று முறை வாசித்து மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டேன். தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்தால் எல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே தவிர, எழுத வரவில்லை. இரண்டாம் செமஸ்டர் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. அப்பா லோரி ஓட்டுகிறார். அவரிடம் இன்னும் ரிசல்ட்டைச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அளவுக்கு எனக்குத் தலை இல்லையா?
– பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தலை இருக்கிறது. என்ன கோளாறு என்பதையும் நீங்களே கண்டுபிடித்து எழுதிவிட்டீர்கள். "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே தவிர, எழுத வரவில்லை" என்கிறீர்களே, அதுதான்.

உங்கள் கடையையே எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை தவறாமல் வரும் வாடிக்கையாளரைப் பார்த்ததும் முகம் தெரிகிறது. பெயர்? வராது. இன்னும் பத்து வாரம் பார்த்தாலும் வராது. ஆனால் நாலாம் மேசைக்கு இரண்டு சைவச் சாப்பாடு, ஒரு மட்டன் பெரட்டல், ஒரு பொரித்த மீன் என்பதைத் தாளில் எழுதாமலே சமையலறையில் போய்ச் சொல்லிவிடுகிறீர்கள். அந்த முகத்தை நீங்கள் சும்மா பார்த்தீர்கள். ஆர்டரை மனத்திலிருந்து வெளியே எடுத்துச் சொன்னீர்கள். தேர்வில் கேட்பது அந்த இரண்டாவது வேலையை. நீங்கள் இரவில் மூன்று மணி நேரம் செய்துகொண்டிருந்தது முதல் வேலையை.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களில் ஒரு குழுவினர் ஒரு பாடப் பகுதியை நான்கு சுற்றும் வாசித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரு சுற்று வாசித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் அதைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்களுக்குத்தான் வெற்றி: 83 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை மாறிவிட்டது. வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது, நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்ப வாசித்த குழுவினர்தான் என்பது. இரவு இரண்டு மணிக்குப் புத்தகத்தை மூடும்போது உங்களுக்கும் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு திருப்தி இருந்திருக்குமே, அதே நம்பிக்கைதான்.

ஆகவே ஸ்லைடை ஒரு முறை கவனமாக வாசியுங்கள். மூடுங்கள். வெள்ளைத் தாளை எடுத்து, தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். முதல் தடவை பாதிகூட வராது, கோபமாக வரும். அப்புறம் ஸ்லைடைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் சேருங்கள். மறுநாள் சிவப்பில் எழுதியதை மட்டும் மறுபடியும் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள், மூன்று நான்கு நாள் கழித்து இன்னொரு முறை. மஞ்சள் மார்க்கரைத் தோழிக்குப் பரிசாகக் கொடுத்துவிடுங்கள். அவளுக்கும் அது தேவையில்லை என்றாலும்.

கணக்கியலில் இன்னொரு பொறி உண்டு. தீர்த்து வைத்த கணக்கைப் பார்த்து "ஆமாம், புரிகிறது" என்று தலையாட்டுவது. டெபிட் ஏன் இந்தப் பக்கம், தேய்மானம் ஏன் இந்த வருடத்தில் என்று லெக்சரர் போர்டில் போடும்போது யாருக்குத்தான் புரியாது? விடையைக் கையால் மறைத்துக்கொண்டு, அதே கணக்கை முதல் வரியிலிருந்து போடுங்கள். டெபிட் கூட்டுத்தொகையும் கிரெடிட் கூட்டுத்தொகையும் சமமா என்று பார்க்கும் டிரையல் பேலன்ஸ் ஒத்துப்போகவில்லை என்றால் விடையை எட்டிப் பார்க்காமல் பத்து நிமிடம் தேடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் கணக்கியல் படிக்கிறீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. பலர் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, ஐந்து வருடம் மலாய் மொழியில் இடைநிலைப்பள்ளி, அப்புறம் திடீரென்று எல்லாம் ஆங்கிலம் என்று வருகிறார்கள். ஆங்கில வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்தால் புரிந்த மாதிரியே இருக்கும். புரிந்ததா என்று பார்க்க ஒரு வழி, அம்மாவுக்குப் போன் போட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்பது. பொருளாதாரத்தில் 'எலாஸ்டிசிட்டி' நடத்தியிருப்பார்களே, விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்ற பாடம், "அம்மா, விலை ஏறினால் கோழி வாங்குவதைக் குறைப்பீர்களா, அரிசி வாங்குவதைக் குறைப்பீர்களா?" என்று கேளுங்கள். அம்மா சொல்லும் பதிலை வைத்து அந்தப் பாடத்தை விளக்க முடிந்தால் உங்களுக்குப் புரிந்துவிட்டது. எங்கே திக்குகிறதோ, அங்கேதான் ஓட்டை. ஆங்கிலத்தில் எழுதும் பயிற்சி தனியாக வேண்டும்தான், ஆனால் புரியாததை எந்த மொழியிலும் எழுத முடியாது.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். நம் நாட்டில் உயர்கல்வித் தரத்தைக் கவனிக்கும் எம்.கியூ.ஏ. விதிப்படி ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரப் படிப்பு. வகுப்பு, இடுபணி, சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. ஐந்து பாடம் எடுத்தால் 600 மணி. தேர்வு வாரங்களையும் சேர்த்து 17 வாரம் என்று வகுத்தால் வாரத்துக்குச் சுமார் 35 மணி நேரம். அதில் பாதி வகுப்பிலேயே போய்விட்டால், நீங்களாக உட்கார வேண்டியது 17, 18 மணி நேரம். நீங்கள் இப்போதே தினம் மூன்று மணி, வாரத்துக்கு 21 மணி நேரம் உட்கார்கிறீர்கள்! நீங்கள் சோம்பேறி இல்லை. படித்த முறையும் உட்கார்ந்த நேரமும் சரியில்லை, அவ்வளவுதான்.

இரவு இரண்டு மணிக்குப் படுத்து, காலையில் எழுந்து, மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எல்.ஆர்.டி. ரயில் மாறி வகுப்புக்குப் போய் உட்காருபவர் தலையில் என்ன ஏறும்? படித்தது மூளையில் படிவதற்கே தூக்கம் வேண்டும். பகலில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒன்று, இரண்டு மணி நேர இடைவெளி இருக்கும். அந்த நேரத்தில் கேன்டீனில் உட்காராமல் நூலகத்துக்குப் போங்கள், அன்று நடந்த பாடத்தை அன்றே வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். இரவு பதினொன்றரைக்கு விளக்கை அணைத்துவிடலாம். ரயிலில் புத்தகத்தைத் திறக்க வேண்டாம், நிற்கவே இடமிருக்காது. நேற்றைய பாடத்திலிருந்து மூன்று கேள்வியைப் போனில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு கேள்விக்கு இரண்டு ஸ்டேஷன் என்று மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டு போங்கள்.

முதல் வாரத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் கோர்ஸ் அவுட்லைன் என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். பெரும்பாலானோர் அதைத் திறப்பதே இல்லை. எந்த வாரம் என்ன பாடம், குவிஸ் எப்போது, இடுபணிக்கு எத்தனை விழுக்காடு, பைனலுக்கு எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பாடத்தில் இடுபணியும் குவிஸும் சேர்ந்து 50 விழுக்காடு என்றால், தேர்வுக்கு முந்திய வாரம் மட்டும் விழுந்து விழுந்து படிப்பவர் பாதி மதிப்பெண்ணை ஏற்கெனவே கோட்டைவிட்டவர். அதில் வரும் வினைச்சொற்களையும் பாருங்கள். 'பட்டியலிடுக' என்பது வேறு, 'ஒப்பிடுக' என்பது வேறு, 'மதிப்பிடுக' என்பது வேறு. 'ஒப்பிடுக' என்ற கேள்விக்கு இரண்டையும் தனித்தனியாக விளக்கிவிட்டு, பக்கம் பக்கமாக எழுதியும் மார்க் இல்லையே என்று வருந்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நூலகத்தில் பழைய கேள்வித்தாள்கள் இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள், பன்னிரண்டாவது வாரம் வரை காத்திருக்காதீர்கள். வருகைப்பதிவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வு எழுத விடாத கல்லூரிகள் பல.

உங்கள் கடிதம் முழுவதும் தேடிவிட்டேன், 'லெக்சரரிடம் கேட்டேன்' என்று ஒரு வரி இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் படித்த காலத்தில் புள்ளியியல் பாடத்தில் தடுமாறினேன். லெக்சரர் அறைக் கதவு வரைக்கும் போய், தட்டாமல் திரும்பிவந்தேன், ஒரு முறை இல்லை, இரண்டு முறை. 'இதுகூடத் தெரியாதா' என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். அந்தப் பாடத்தில் டி வாங்கி, அடுத்த வருடம் மறுபடியும் எடுத்தபோதுதான் கதவைத் தட்டினேன். அவர் செய்ததெல்லாம் இருபது நிமிடம் உட்காரவைத்து ஒரு கணக்கை என்னைப் போடச் சொன்னதுதான். ஒரு வருடத்தை மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய இருபது நிமிடம்! ஆசிரியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பின்வரிசையில் அமைதியாக இருக்கும் பிள்ளை நல்ல பிள்ளை என்று வளர்த்துவிட்டோம்.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. "ஒன்றும் புரியவில்லை, டாக்டர்" என்று போய் நின்றால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? நீங்கள் போட்ட கணக்கைத் தாளோடு கொண்டுபோங்கள். "இந்த வரி வரை வந்துவிட்டேன், இதற்கு மேல் போக முடியவில்லை" என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கியிருக்கும் நேரம் கோர்ஸ் அவுட்லைனிலோ அறைக் கதவிலோ இருக்கும். மின்னஞ்சல் அனுப்பினால் பெயர், மெட்ரிக் எண் (மாணவர் பதிவு எண்), பாடக் குறியீடு மூன்றும் இருக்கட்டும். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் வேண்டாம்.

சாட்ஜிபிடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இடுபணியை அது எழுதினால் பாடத்தைப் படித்தது அதுதான், நீங்கள் இல்லை. "இந்த அத்தியாயத்திலிருந்து என்னைப் பத்துக் கேள்வி கேள்" என்று சொல்லிப் பயன்படுத்துங்கள். அதன் பதிலைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், சில சமயம் தைரியமாகத் தப்புச் சொல்லும்.

கடை வேலையை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, செந்தூலில் அறை வாடகை யார் கட்டுவது? ஆனால் பைனலுக்கு முந்திய மூன்று வாரம் ஒரு நாள் மட்டும் வருகிறேன் என்று முதலாளியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் அவருக்கும் ஆள் கிடைக்காது.

அப்பாவிடம் ரிசல்ட்டைச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் கணக்கியல் மாணவி ஆயிற்றே. பட்டப்படிப்பு 120 கிரெடிட். நீங்கள் முடித்திருப்பது 15, எட்டில் ஒரு பங்கு. மீதி 105 கிரெடிட்டிலும் 3.30 எடுத்தால் கடைசியில் உங்கள் சி.ஜி.பி.ஏ., அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி, 3.15 வரும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, இந்த செமஸ்டரில் என்னென்ன மாற்றப் போகிறீர்கள் என்பதையும் கீழே எழுதிக்கொண்டு, அவர் லோரியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு முடித்த பிறகு போன் போடுங்கள். ஓட்டும்போது வேண்டாம். திட்டினால் பத்து நிமிடம் திட்டுவார். அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்பார்.