பெக்மன் இடமாற்ற வினையில் எந்தத் தொகுதி (அணுக்கூட்டம்) நகரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வினையால் நடைமுறையில் பயன் உண்டா?

காரைக்குடியில் எம்.எஸ்சி. மாணவர்களுக்குக் கரிம வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இரண்டு கேள்விகளும் வருடம் தவறாமல் வரும். முதல் கேள்வியில்தான் பலரும் இடறுகிறார்கள்.

கீட்டோனோடு ஹைட்ராக்சிலமீன் சேர்ந்தால் ஆக்சைம் என்ற சேர்மம். பெக்மன் வினை அதிலிருந்துதான் தொடங்குகிறது. அதில் கார்பனும் நைட்ரஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும், நைட்ரஜன்மேல் ஓர் ஓஹெச். அமிலம் பட்டதும் ஓஹெச் தண்ணீராகக் கழன்று போகும். அது போகும்போதே கார்பனில் இருக்கும் இரண்டு தொகுதிகளில் ஒன்று நைட்ரஜனுக்குத் தாவிவிடும். எது? ஓஹெச்சுக்கு எதிர்ப்புறம் இருப்பது.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேராகத் தெரியும். வகுப்பில் அதைத்தான் சொல்வேன். முகப்பு வழியாக ஓஹெச் வெளியேறுகிறது. பின்வாசலில் நிற்பவர்தான் உள்ளே வர முடியும். பெரியவரா சிறியவரா என்பதெல்லாம் அப்புறம். தொகுதி நகர்ந்த பிறகு கார்பனில் தண்ணீர் வந்து சேர, அமைடு (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பனில் நைட்ரஜன் சேர்ந்த சேர்மம்) கிடைக்கும். ஆனால் ஒன்று: அமிலத்தில் ஆக்சைமின் ஓஹெச்சே சில சமயம் மறுபக்கம் மாறிக்கொள்ளும். அப்போது விளைபொருள் கலந்துதான் வரும்.

ஆய்வகத்தில் பென்சோஃபீனோன் ஆக்சைமை வைத்து ஒருமுறை செய்து பாருங்கள். பாலிபாஸ்பாரிக் அமிலம் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். அதில் ஆக்சைமைப் போட்டுச் சூடாக்கிக் கலக்கி, ஐஸ் தண்ணீரில் ஊற்றினால் பென்சனிலைடு என்ற அமைடு வெள்ளையாகப் படியும். ஆக்சைமுக்கும் இதற்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றேதான். ஆனால் எத்தனாலில் மறுபடிகமாக்கி உருகுநிலை பார்த்தால் 163 டிகிரிக்குப் பக்கத்தில் வரும், ஆக்சைமைவிட இருபது டிகிரி மேலே. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அந்த நிமிடம் அலுக்கவில்லை.

சரி, பயன். எர்ன்ஸ்ட் ஓட்டோ பெக்மன் 1886-இல் சொன்ன வினை இது. சைக்ளோஹெக்சனோன் ஆக்சைமில் இதைச் செய்தால் ஆறு அணு வளையம் ஏழாகி கேப்ரோலாக்டம் ஆகும். அதிலிருந்து 1938-இல் பால் ஷ்லாக் நைலான் 6 செய்தார். மீன் வலை, டயர் நூல் எல்லாம் அந்த வழிதான். வினைக்குப் போடும் கந்தக அமிலத்தை அம்மோனியாவால் நடுநிலையாக்குவதால் அம்மோனியம் சல்பேட் உரம் குவியும். கேரளத்தில் உர நிறுவனமான ஃபாக்ட் கேப்ரோலாக்டத்துக்கும் ஆலை அமைத்ததில் ஆச்சரியமில்லை.

எனக்குப் பிடித்தது பாராசிட்டமால். அதைத் தயாரிக்கும் ஒரு தொழில்முறையில் ஃபீனைல் அசிடேட், ஃப்ரைஸ் இடமாற்றத்தால் (அசிட்டைல் தொகுதி ஆக்சிஜனிலிருந்து வளையத்துக்கு நகரும் வினை) 4-ஹைட்ராக்சி அசிட்டோஃபீனோன் என்ற கீட்டோன் ஆகிறது. அதை ஆக்சைமாக்கி பெக்மன் செய்தால் பாராசிட்டமால். இரண்டு இடமாற்றங்கள், ஒரு காய்ச்சல் மாத்திரை! அந்த ஆக்சைமை ஒரு தாளில் வரைந்து, பென்சீன் வளையத்தை நைட்ரஜன்மேல் உள்ள ஓஹெச்சுக்கு எதிரே வைத்து நகர்த்துங்கள். மெத்திலை நகர்த்தினால் பென்சமைடு வகைச் சேர்மம்தான் வரும், மாத்திரை வராது.